கொசு நம்ம ஊருது

திருவண்ணாமலையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே எம்.பில். செய்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. கொசுவால் பரவும் மூளைக்காய்ச்சலைப் பற்றி எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன என்று எண்ணுவதுதான் என் தலைப்பு.

“எண்ணுறதுக்கு ஒரு பட்டமா?” என்றார் என் கணவர்.

எண்ணிப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். சென்னை நூலகங்களில் தடித்தடியான தொகுப்புகளைப் புரட்டினேன். எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். பழைய கட்டுரைகளில் மாவட்டமே பிரிந்திருக்கவில்லை, வட ஆற்காடு என்றே இருந்தது. ஒரு பௌர்ணமியன்று ஜெராக்ஸ் கட்டோடு திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்ந்தேன். அத்தனை பாடுபட்ட பிறகும் எங்கள் மாவட்டத்துக்கு நேரே வந்தது சைபர்.

நம்ப முடியவில்லை. விசாரித்துக்கொண்டு, ஊரை ஒட்டிய வேங்கிக்காலுக்குப் போனேன். அங்கே ஓர் அலுவலகத்தில், ஆய்வுக்காகக் கொசு பிடித்துத் தரும் ஊழியர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

“சைபரா? யாருங்க சொன்னது?” என்று கொதித்தார். “அடி அண்ணாமலை கிராமத்துல மாட்டுக்கொட்டாய்ல நான் புடிச்ச கொசு கொஞ்சமா? பொழுது சாய்ஞ்சா குழாய வாயில வெச்சி உறிஞ்சி உறிஞ்சி எடுப்பேன். ஐஸ் பெட்டில வெச்சி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு பஸ் ஏத்தி உடுவேன். அவங்க எதுவும் எழுதலியா?”

எழுதியிருந்தார்கள். தலைப்பையும் எழுதியவர்களின் முகவரியையும் மட்டும் பார்த்து எண்ணியவள், இப்போது கட்டுரைகளை முழுதாகப் படித்தேன். பலவற்றில் கொசு எங்கள் ஊருடையது, முகவரி ஏதோ ஒரு பெருநகரத்துடையது. என் நெறியாளரிடம் ஓடினேன்.

“சார், கொசு நம்ம ஊருது சார்.”

“கொசுவா எழுதிச்சி? எழுதினவன் எங்க உக்காந்திருக்கானோ, அந்த ஊருக்குத்தான் கணக்கு. ஜாஸ்தி கொழப்பாதம்மா.”

வாரக்கணக்கில் மல்லுக்கட்டினேன். கடைசியில் அலுத்துப்போய், “பின்னிணைப்புல போட்டுத் தொலை” என்றார். கொசு எந்த ஊரில் பிடிக்கப்பட்டது என்று தனி அட்டவணை போட்டேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. பக்க ஓரத்தில் விட்ட இடம் கம்மி என்று மட்டும் குறை சொன்னார். பட்டம் கிடைத்துவிட்டது.

பைண்டு செய்த பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போனேன். அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினார். அட்டவணையில் அடி அண்ணாமலையைக் காட்டியதும் முகம் மலர்ந்தது.

“நன்றி சொல்ற பக்கம் எதும்மா?”

எடுத்துக் காட்டினேன்.

“இதுல நான் எங்க இருக்கேன்?”

அப்போதுதான் உறைத்தது. நெறியாளர், முதல்வர், கணவர், தட்டச்சு செய்தவர், பைண்டு போட்டவர் வரை அதில் இருந்தார்கள். அவர் மட்டும் இல்லை. மாதக்கணக்கில் பெருநகரத்துக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தவள் நான். இனி யார்மேல் எரிந்து விழுவது?

“பரவால்ல உடுங்க. டீ சாப்புடுறீங்களா?” என்றார்.

அவர் பிரதியில் பேனாவால் அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். கல்லூரிக்குத் திரும்பி அங்கிருந்த பிரதியிலும் எழுதினேன். பல்கலைக்கழகத்துக்குப் போன பிரதி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.