மல்லாட்டைத் தோல் போட்ட பாதை

போன வாரம் திண்டிவனத்தில் பஸ் நின்றபோது பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள் ஏறி உட்கார்ந்தார். மடியில் வறுத்த மல்லாட்டை, எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். உரித்து உரித்து என் கால் மேலேயே தோலைப் போட்டுக்கொண்டு வந்தார். வேறு யாராவதாக இருந்தால் முறைத்திருப்பார்கள். நான் ஒரு தோலை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

எனக்கு அந்த வாசனை என்றால் விழுப்புரம் மண்டிதான். யுத்த காலம். நான் மல்லாட்டை மண்டியில் எடை போடும் குமாஸ்தா. உடம்பெல்லாம் தூசி, தலையெல்லாம் தோல். அந்தத் தூசியைக் கழிக்கத்தான் காலையில் ஓடுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். உண்மையில் ஓட்டம் முடிந்ததும் ஸ்டேஷன் எதிரே ஆறு பேரும் சேர்ந்து குடிக்கிற காப்பிக்காகத்தான் ஓடினேன்.

ஆறு பேர் என்றால், பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், ரயில்வேயில் இரண்டு பேர், ஒரு கம்பவுண்டர், நான், எத்திராஜ். எத்திராஜ் மண்டிக்குப் பக்கத்துத் தையல்காரன், என் வயசுக்காரன். எங்களுக்குக் காக்கி அரை டிராயர் தைத்துக் கொடுத்தவன் அவன்தான். அதைப் போட்டுக்கொண்டு வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டுத்தான் விடியுமுன் ஓட ஆரம்பித்தோம். புதிதில் எங்களைப் பார்த்த பால்காரர், "எந்த வூட்டுல சாவு?" என்று கேட்டார். வேறு எதற்காக ஆறு ஆம்பிளைகள் ரோட்டில் ஓடுவார்கள்?

எத்திராஜுக்கு இளைப்பு உண்டு. பனிக்காலத்தில் அவன் மூச்சு, தையல் மிஷினுக்குப் போட்டியாகச் சத்தம் போடும். மெதுவாக ஓட ஓட அது தணிந்ததாக அவனே சொல்வான். கூட யாராவது ஓடினால் நிதானமாக வருவான். தனியே விட்டால் முன்னால் போனவர்களைப் பிடித்துவிட வேண்டுமென்று வேகம் எடுப்பான், மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும்.

அந்த மார்கழியில் ஒரு சனிக்கிழமை சாயங்கால பாசஞ்சரில் திண்டிவனம் போய், ஏரிக்கரைத் தோப்பில் தங்கி, ஞாயிறு காலை ஓடிவிட்டுத் திரும்புவது என்று முடிவானது. தோப்பு கம்பவுண்டருடைய மாமனாருக்குச் சொந்தம். எத்திராஜை அழைத்துப்போக அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி பாக்கியம் மப்ளரையும் ஓமப் பொட்டலத்தையும் என் கையில் கொடுத்தாள்.

"அவர வுட்டுட்டு நீங்க முன்னாடி பூடாதீங்கண்ணா. மார்கழிப் பனி அவருக்கு ஆவாது."

"பக்கத்துலயே ஓடுறேம்மா" என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

தோப்பில் டிரில் மாஸ்டர் சோற்றைத் தீயவிட்டதும், அதையே பானை காலியாகும்வரை தின்றுவிட்டு அவரைத் திட்டியதும் தனிக்கதை. சாப்பிட்டு முடிந்ததும் மாஸ்டர் ஒரு விளையாட்டைச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் விளையாடுவதாம். ஓர் ஆள் காகிதத்தைக் கிழித்துப் போட்டுக்கொண்டே முன்னால் ஓடுவான், மற்றவர்கள் அந்த அடையாளத்தைப் பார்த்துப் பின்னால் வர வேண்டும். யுத்தத்தில் காகிதத்துக்கு எங்கே போவது? அதற்கும் அவரே வழி பண்ணியிருந்தார். எங்கள் மண்டி மில்லிலிருந்து என்னை ஒரு கோணி மல்லாட்டைத் தோல் கொண்டுவரச் சொல்லியிருந்தார். எதற்கென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தோல் கொண்டுவந்தவனே முன்னால் ஓடட்டும் என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாக்கியத்துக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வராமல் இல்லை. எத்திராஜ் முகத்தைப் பார்த்தேன். "நீ போடா, நான் மெதுவா வர்றேன்" என்றான். அவன் வேறென்ன சொல்வான்?

காலையில் கோணியைத் தோளில் மாட்டி, பிடி பிடியாகத் தோலை இறைத்துக்கொண்டு ஓடினேன். ஏரிக்கரை, பனைமரத்து வண்டிப்பாதை, ஒரு சுற்று, மறுபடி தோப்பு. வெயில் ஏறும்போது நால்வர் என்னைத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். பாதி வழியில் தோல் அவர்களை ஓர் எருக்குழிக்கு இழுத்துப் போய்விட்டதாம். எத்திராஜ் பின்னால்தான் வந்தான் என்றார்கள். பின்னால் அவன் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மார்கழி, விதைக்கு மல்லாட்டை உடைக்கிற மாசம். சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் உட்கார்ந்து உடைப்பார்கள். தோலைக் கூடையில் அள்ளிக்கொண்டு எருக்குழிக்குப் போகும்போது வழியெல்லாம் சிந்தும். வருஷம் முழுக்க மல்லாட்டையோடு புரள்கிற எனக்கு, மல்லாட்டைச் சீமையில் மல்லாட்டைத் தோலால் வழி காட்டக் கூடாதென்று தோன்றவில்லை.

வந்த வழியே திரும்பி ஓடினேன். கரைச் சரிவில் எங்கேயாவது மூச்சு முட்டி விழுந்து கிடப்பானோ என்று பயம். பாக்கியத்திடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். எந்த வாக்கியமும் முடியவில்லை. பனைமரத்தடியில் பாதை இரண்டாகப் பிரிந்தது, இரண்டிலும் தோல். அழுகை வந்துவிட்டது. குனிந்து இரண்டையும் அள்ளிப் பார்த்தேன். என் தோல் மில்லில் நொறுங்கியது, தூளும் துண்டுமாக இருக்கும். வலப்பக்கம் கிடந்தது கையால் உடைத்தது, சரிபாதியாகப் பிளந்திருந்தது. இடப்பக்கம் காலையில் நான் இறைத்த வழி, அதில் போயிருந்தால் மற்றவர்களோடு வந்து சேர்ந்திருப்பான். வலப்பக்கம் ஓடினேன். வளைவு வந்த இடத்தில் பொறுமையில்லாமல் கருவேல முள்ளுக்குள் புகுந்து குறுக்கே போனேன்.

ஒரு மாட்டுக் கொட்டகை வாசலில் ஏழெட்டுப் பெண்கள். நடுவில் மப்ளர் சுற்றிய எத்திராஜ், சம்மணம் போட்டு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கேப்பைக் கூழ் குடித்த சட்டி.

"மூச்சு வாங்கிக்கினு வந்து நின்னாருங்க. தோலு எங்க போவுதுன்னாரு. இங்கேர்ந்துதான் வருதுன்னோம். அப்டியே உக்காந்துட்டாரு" என்றார் ஒரு பெண்.

எத்திராஜ் நிமிர்ந்து, "நான்தான் ஃபர்ஸ்டா? மத்தவங்க எங்க?" என்று கேட்டான்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். சத்தம் லேசாகத்தான் இருந்தது. அவ்வளவு நிம்மதி எனக்கு அதற்குமுன் வந்ததில்லை. அவன் உடைத்ததற்குக் கூலியாக அந்தப் பெண்கள் இரண்டு கை பருப்பை அவன் கைக்குட்டையில் கட்டிக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் பாக்கியம் வாசலிலேயே நின்றாள். "அண்ணன் பக்கத்துலயே ஓடுனாரா?" என்று அவனைக் கேட்டாள். "பக்கத்துலயேதான் ஓடிக்கினு வந்தான்" என்று சொல்லிக் கைக்குட்டையை நீட்டினான். நானும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு நான் முன்னால் ஓடியதே இல்லை.

யுத்தம் முடிந்ததும் ஆளுக்கொரு ஊராகப் போனோம். எத்திராஜ் நெடுநாள் உயிரோடு இருந்துதான் போனான். அவன் காரியத்தன்று பாக்கியத்திடம், பக்கத்திலேயே ஓடியதாகச் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன்.

"அன்னிக்கே தெரியும்ணா" என்றாள். "அவரு காலுல ஒரு கீறல் இல்ல. உங்க காலு மட்டும் முள்ளு கீறி ரத்தமா இருந்துச்சு. தேடிக் கூட்டியாந்தீங்களே, அப்புறம் நான் இன்னாத்தக் கேக்கறது?"

பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஏரிக்கரை இருந்த பக்கம் வரிசையாக வீடுகள், தோப்பு இல்லை. மாஸ்டர், கம்பவுண்டர், ரயில்வேக்காரர்கள், எத்திராஜ் எல்லாரும் போய்விட்டார்கள், போன வருஷம் பாக்கியமும். என் காலடியில் கிடந்த தோல் ஒவ்வொன்றும் சரிபாதியாகப் பிளந்திருந்தது. விழுப்புரத்தில் இறங்கும்வரை அதை மிதிக்காமல் காலைத் தூக்கியே வைத்திருந்தேன்.