மதில் தாண்டிய புகை

அந்தமானுக்குச் சுற்றுலா போயிருந்தபோது, மாலையானால் கடற்கரையில் கொசுவும் மணல் ஈயும் பிடுங்கியெடுத்தன. விடுதியில் புகை மருந்து அடித்தார்கள். அந்த வாடையில், நெய்வேலி டவுன்ஷிப்பில் கொசு மருந்து அடித்தவர் நினைவுக்கு வந்தார்.

மூக்கில் ஈரத்துண்டு, தோளில் மிஷின், எப்போதும் சிவந்த கண்கள். ஒவ்வொரு குவார்ட்டர்ஸ் வாசலிலும், "சோத்த மூடிக்கங்கம்மா" என்று குரல் கொடுத்த பிறகே அடிப்பார். டவுன்ஷிப் மதிலுக்கு வெளியே இருந்த எங்கள் தெருவுக்கு மருந்து கிடையாது. அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறந்த குழந்தைக்கு உடம்பெல்லாம் கொசுக்கடித் தடிப்பு. அவரிடம் போய்க் கேட்டேன்.

"அண்ணே, எங்க பக்கமும் கொஞ்சம் அடிங்கண்ணே. கைக்கொழந்த இருக்குது."

"மதில தாண்டுனா வேல பூடும் தம்பி. நீ போயி கொழந்தைய உள்ள வச்சி கதவ சாத்து."

வீட்டில் சொல்லிவிட்டு நான் திரும்பியபோது, மதிலோரம் மண்ணைத் தூவிக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, நின்னுகினே இருக்க?" என்றார் அங்கே வந்த அவருடைய சூப்பர்வைசர்.

"மிஷின் சூடாயிடுச்சிங்க சார். ஆறட்டும்."

காற்று எங்கள் பக்கம் திரும்பியதும் மிஷினைக் கிளப்பினார். தெரு முழுக்க வெள்ளைப் புகை. அன்று குழந்தை அழாமல் தூங்கியது.

அடுத்த வாரம் மருந்தடிக்கப் புது ஆள் வந்தார். பழையவரைத் தூரத்து ப்ளாக்குக்கு மாற்றிவிட்டார்களாம். காரணம் அந்தப் புகைதானா என்று இன்றுவரை தெரியாது. விசாரித்துப் போகலாமென்றால், அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.