துலக்கிய காசுகள்

கந்தரோடையில் மழை விட்ட ஒரு மத்தியானம், சித்தப்பாவின் தோட்ட வரம்பில் நடந்து வந்தபோது என் குதிக்காலில் ஏதோ ஒட்டிக்கொண்டது. ஓட்டுத்துண்டு என்றுதான் நினைத்தேன். கிணற்றடியில் கால் கழுவும்போது பார்த்தால் வட்டமாக இருந்தது. குசினியிலிருந்து கொஞ்சம் பழப்புளி எடுத்து, அடுப்புச் சாம்பலோடு சேர்த்துத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்தேன். முதலில் பச்சை போனது. பிறகு கறுப்புப் போனது. அதற்குப் பிறகு ஒரு காளை மாடு படுத்திருந்தது. அதன் கீழே ‘சேது’ என்று இரண்டு எழுத்து. எங்கள் ஊர் அரசர்கள் அடித்த செப்புக்காசு அது என்பதைப் பின்னர் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்தக் கிணற்றடியிலேயே எனக்கு ஓர் எண்ணம் விழுந்துவிட்டது: மண்ணும் அழுக்கும் மூடிக் கிடப்பதையெல்லாம் தேய்த்து வெளியே கொண்டுவர வேண்டியவன் நான்தான். அப்போது எனக்குப் பதினாறு வயது. இப்போது இருபத்துமூன்று. அந்த எண்ணத்தில் என்ன பிழை என்பது போன கிழமைதான் தெரிந்தது.

நான் கோப்பாய்ப் பக்கத்தில் ஓர் இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். வீடு உரும்பிராயில். போக இரண்டரை மைல், வர இரண்டரை மைல். ஒரு சயிக்கிள் வாங்குவதற்காக ஒன்றரை வருடமாகக் காசு சேர்த்தேன். நாற்பத்திரண்டு ரூபா சேர்ந்தபோது, வழியில் வளைவடிக் கல்வீட்டில் ஏலம் என்று கேள்விப்பட்டேன். அந்த வீட்டுக்காரர் மலாயாவில் ரயில்வேக் கிளாக்கராக இருந்து பென்சனோடு ஊருக்கு வந்தவர். பங்குனியில் இறந்துபோனார். பிள்ளை இல்லாத வீடு. அவருடைய சகோதரர்களும் மனைவியும் பங்கு பிரித்து ஒத்துவராமல், சாமான்களை ஏலம் போட்டுக் காசாகப் பிரிப்பதென்று முடிவாயிற்று. சாமான்களுக்குள் ஒரு நல்ல சயிக்கிளும் இருந்தது.

கதிரைகள் போயின, அலுமாரி போனது, சுவர் மணிக்கூடு போனது. வேட்டிக்கு மேல் கறுத்தக் கோட்டுப் போட்டிருந்த ஏலக்காரர், சயிக்கிளுக்கு முன்னதாக ஒரு பிஸ்கற்றுத் தகரப் பேணியைத் தூக்கிக் குலுக்கினார்.

“ஒரு பேணி பழங்காசு! ஐயா தேடித் தேடிச் சேர்த்தது. ஆர் கேக்கிறியள்?”

நாற்பது பேருக்குக் குறையாமல் முற்றத்தில் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிலர் மாமரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கினார். யன்னலடியில் நின்ற மெலிந்த மனிதர் ஒருவர் மட்டும், “ஒரு ரூவா” என்றார். அவர் அந்த வீட்டம்மாவின் தம்பி. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் அதைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

ஏலக்காரர் பேணியைச் சரித்தபோது ஒரு காளை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு ரோமாபுரிக் காசின் தேய்ந்த தலை. எனக்குக் காது அடைத்துவிட்டது. இவ்வளவு சனமும் இதன் பெறுமதி தெரியாத மொக்குகள் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்தேன்.

“அஞ்சு!” என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

“கால் ரூவா கூட” என்றார் யன்னலடியில் நின்றவர்.

“பத்து!”

“கால் கூட.”

“மாஸ்டர், இது காசுக்குக் காசு வாங்கிற சங்கதி. வடிவாய் யோசிச்சுக் கேளுங்கோ” என்றார் ஏலக்காரர். சனம் சிரிக்கவில்லை. நான் இருபது என்றேன். அவர் கால் கூட என்றார். நான் முப்பது என்றேன். அவர் அதே தாழ்ந்த குரலில், வேலைக்குப் போனவன் பெயர் கொடுப்பது போல, கால் கூட என்றார். நாற்பதைத் தாண்டியதும் எனக்குக் காசும் தெரியவில்லை, சயிக்கிளும் தெரியவில்லை. அந்தக் குரலை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அவர் யன்னலுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “நாற்பத்தொண்டரை” என்றார்.

“நாற்பத்தைஞ்சு!”

அவர் வாய் திறந்தார். சத்தம் வரவில்லை. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். மணி அடித்தது.

கையில் நாற்பத்திரண்டுதான் இருந்தது. மீதி மூன்று ரூபாவுக்குச் சட்டைப்பையில் குத்தியிருந்த என் ஊற்றுப்பேனையை, பக்கத்தில் நின்ற சுருட்டுக் கொட்டில் முதலாளியிடம் அந்த இடத்திலேயே விற்றேன். சோதனையில் முதலாவதாக வந்ததற்குக் கிடைத்த பேனை அது. அடுத்ததாக ஏலத்துக்கு வந்த சயிக்கிளை அதே முதலாளி முப்பத்திநாலு ரூபாவுக்கு எடுத்தார்.

வீட்டுக்கு நடந்து போனேன்.

“சயிக்கிள் எங்கை மோனை?” என்றாள் அம்மா.

பேணியைத் திறந்து காட்டினேன். அவள் ஒரு காசை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போட்டாள். “உதிலை ஏறிப் போகலாமோ?” என்று கேட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் பேணியோடு கிணற்றடிக்குப் போனேன். அறுபதுக்கு மேல் காசு இருந்தது. நல்லவற்றில் கை வைக்குமுன் எதிலாவது பழகிப் பார்ப்போம் என்று தேடினேன். துளை போட்ட காசுகள் இரண்டு கிடந்தன. இரண்டும் ஒரே மாதிரிச் சேதுக் காசு. துளைகளில் அறுந்த கறுப்பு நூல் இருந்தது. துளைத்த காசைக் காசு சேர்ப்பவர்கள் மதிப்பதில்லை. நூலை வெட்டி அடுப்பில் போட்டேன். ஒரு காசு எண்ணெய்ப் பிசுக்கோடு கன்னங்கறுப்பு. மற்றது பச்சை பூத்துக் கிடந்தது. புளியும் சாம்பலும் பொச்சுமாக அரைமணித்தியாலம் தேய்த்தேன். ஆசை தீரத் தேய்த்தேன் என்றே சொல்ல வேண்டும். வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எது கறுப்பு, எது பச்சை என்று எனக்கே தெரியவில்லை. என் கெட்டித்தனத்தை மெச்சிக்கொண்டேன்.

சயிக்கிள் இல்லாததால் நடை. நடையென்றால் நாளுக்கு இருமுறை அந்த வளைவைக் கடக்க வேண்டும். திங்கட்கிழமை காலை அந்த வீட்டம்மா வெள்ளைச் சேலையோடு வாசல் படலையடியில் நின்றா. என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தா. பின்னேரமும் அப்படியே. செவ்வாயும் அப்படியே. ஒரு சொல் சொல்லியிருந்தால், ஏசியிருந்தால்கூட, எனக்கு நடக்கச் சுகமாக இருந்திருக்கும். புதன்கிழமை றோட்டின் மற்றக் கரையால் நடந்து பார்த்தேன். படலை என்னோடு திரும்புவது போல இருந்தது. வளைவு தாண்டிப் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே வந்த பிறகும் முதுகில் அந்தப் பார்வை காயாத சட்டை போல ஒட்டிக்கொண்டு வந்தது.

அதைவிட மோசம் அந்தக் குரல். வகுப்பில் பெடியளுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு நிற்பேன். அமைதியாக இருக்கும். பின்வரிசை வாங்கிலிருந்து, தாழ்ந்த குரலில், ‘கால் கூட’. தலை நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். சோற்றைப் பிசையும்போது விரலில் செம்பு மணக்கும். எத்தனை தரம் கழுவினாலும் மணக்கும். பேணியைத் திறக்கவே மனம் வரவில்லை. நாற்பத்தைந்து ரூபாவுக்கு வாங்கிய பொருளை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டு, அது இருக்கும் பக்கம் பார்க்காமல் படுத்தேன். நான் களவெடுக்கவில்லை, ஏலத்தில் எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்லி முடிக்கிற இடத்தில் ‘கால் கூட’.

இரண்டு கிழமை இப்படிப் போயிற்று. ஒரு பின்னேரம் சயிக்கிள் மணி அடித்துக்கொண்டு பின்னால் வந்தது. சுருட்டுக் கொட்டில் முதலாளி. என் சயிக்கிள் என்று நான் நினைத்திருந்த சயிக்கிளில், என்னுடைய பேனையைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வந்து இறங்கினார்.

“என்ன மாஸ்டர், இன்னும் கால்நடைதானோ? பேனையைத் திருப்பித் தரட்டோ? எனக்கு மையை எங்கை ஊத்திறதெண்டே தெரியாது.”

“நீங்களே வைச்சிருங்கோ.”

“கோவியாதேங்கோ. ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நாங்கள் நாற்பது பேரும் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனாங்கள் எண்டு நினைச்சியள்?”

“பழங்காசின்ரை பெறுமதி உங்களுக்குத் தெரியாதெண்டு.”

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“அட, நீங்கள் படிச்ச மனிசன். அந்தப் பேணியை மட்டும் அந்த மனிசி எடுக்கட்டும் எண்டு ஊர் முழுக்க விட்டுக்குடுத்தது. செத்தவரின்ரை தம்பிமார்கூடக் கேக்கேல்லை, கவனிச்சியளோ? ஒரு ரூவாயோடை முடிய வேண்டியது. மனிசி எதுக்கும் இருக்கட்டுமெண்டு காப்பு வித்து நாற்பத்தொண்டரை தம்பியிட்டைக் குடுத்து விட்டிருந்தா. அதுக்கு மேலை அவனிட்டை ஒரு சதம் கிடையாது.”

“அப்ப ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?”

“ஏலத்திலை நிண்டு ஆர் வாய்விட்டுச் சொல்லுறது? எல்லாரும் திரும்பிப் பாத்தம்தானே.”

நான் ஐந்து என்றபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் பேணியைத் துவாயில் சுற்றிக்கொண்டு போனேன். அந்த வீட்டம்மா படலையைத் திறந்தா.

“வருவியள் எண்டு நினைச்சனான் தம்பி. காசு குடுத்து எடுத்தனீங்கள், வாய்விட்டுக் கேக்க எனக்கு வெக்கமாய்க் கிடந்தது.”

“முழுக்க நீங்களே எடுங்கோ அம்மா. எனக்குக் காசு வேண்டாம்.”

“முழுக்க எனக்கு ஏன்? அது அவரின்ரை விளையாட்டு. எனக்கு உதுக்குள்ளை இரண்டே இரண்டுதான் வேணும்.”

விறாந்தையில் பேணியைக் கவிழ்த்து விரலால் கிளறினா. கிளறக் கிளற விரல் வேகமாயிற்று. “துளை போட்டது இரண்டு கிடந்ததே? கறுத்த நூலோடை?”

துலக்கியவை என்று தனியாக என் சட்டைப்பையில் கொண்டு வந்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். வெயில் பட்டுப் பொன் போல மின்னின. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தா.

“உது இல்லை தம்பி.”

“உதுதான் அம்மா. நான் துலக்கினனான்.”

அதன் பிறகுதான் அவ சொன்னா: “ஊர் பிள்ளையில்லாத வீடு எண்டு சொல்லும். மலாயாவிலை, ஈப்போவிலை இரண்டு பிறந்தது. மூத்தவன் நாலு வருசம் இருந்தவன். அடுத்தவள் தொண்ணூறு நாள். இரண்டு பேருக்கும் ஊர்க்காசு அரையிலை கிடக்கட்டுமெண்டு இவர்தான் ஒரே மாதிரித் தேடி எடுத்து, துளை போட்டு, இடுப்பு நூலிலை கட்டினவர். அவன்ரை காசு எண்ணெயும் வேர்வையும் ஊறிக் கன்னங்கரேலெண்டு கிடக்கும். அவளின்ரை உடம்பிலை கிடந்து கறுக்கிறதுக்கு நாள் காணேல்லை. பச்சை பாய்ஞ்சு போச்சு. அப்பிடித்தான் எனக்கு அடையாளம்.” இரண்டு காசையும் மாற்றி மாற்றிப் பார்த்தா. “இப்ப ஆர் எது?”

கிணற்றடியில், ஒரு ஞாயிறு காலையில், அரைமணித்தியாலத்தில் நாலு வருடத்தையும் தொண்ணூறு நாளையும் நான் ஒன்றாக்கிவிட்டிருந்தேன்.

அவ அழவில்லை. இரண்டையும் என் கையில் திருப்பி வைத்தா. “மாறிப் பிடிச்சுக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. எது எவரின்ரை எண்டு தெரிஞ்சால் கொண்டு வாங்கோ தம்பி.” பேணியையும் வாங்க மறுத்துவிட்டா.

அது போன கிழமை. நேற்று அரியாலையில் ஒரு வீட்டில் ஏலம் என்று யாரோ சொல்ல, என் கால் தன்பாட்டில் அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. அந்த ஆசை செத்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கால் திரும்பிய அந்த நேரத்தில், நடுறோட்டில், வேறொன்று பொறி தட்டியது. பொச்சு காசின் முகத்தைத் தேய்க்கும், துளைக்குள்ளே நுழையாது. புதிதாகப் போட்ட துளையின் விளிம்பு கூராக இருக்கும். நூல் ஓடிய துளை அப்படி இராது. நாலு வருடம் ஓடித் திரிந்து, விழுந்து எழும்பிய ஒரு பெடியனின் அரையில் அந்த நூல் எவ்வளவு இழுபட்டிருக்கும்! காசு தொங்கிய பக்கமாகத் துளை ஒரு மயிரளவாவது மழுங்கியிருக்க வேண்டும். தொட்டிலில் கிடந்த தொண்ணூறு நாளுக்கு அது நடந்திராது.

வெறுங்கண்ணால் பார்த்தேன், தெரியவில்லை. பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் ஒரு பெருப்பிக்கும் கண்ணாடி இருக்கிறது. சனிக்கிழமை காலை தருவதாக அங்கே படிப்பிப்பவர் சொல்லியிருக்கிறார். இரண்டு காசும் இரண்டு தாள் மடிப்பில் இருக்கின்றன. நான் தொடுவதில்லை, தாளில் ஒன்றும் எழுதவுமில்லை. வெளிச்சம் நல்லாக வரும் கிழக்கு யன்னலடியில் வைத்து, காளையைப் பார்க்காமல், எழுத்தைப் பார்க்காமல், துளையை மட்டும் பார்க்கப் போகிறேன். தெரிந்தால் அன்றைக்கே படலையடிக்கு நடப்பேன். தெரியாவிட்டாலும் நடப்பேன்; தெரியேல்லை அம்மா என்று சொல்லுவேன், குத்துமதிப்பாக ஒன்றை எடுத்து நீட்ட மாட்டேன். அந்த ஒரு வசனத்தைத்தான் இப்போது போகவர வளைவடியில் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.