தயாபரனின் குரல் இறங்கும் இடம்

சைக்கிள் ரயரில் "டைனமோ" உரசும்போது எழும் சூடான றப்பர் மணம் எங்கேயாவது மூக்கில் பட்டால் போதும், இன்றைக்கும் எனக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் மூன்று மணி ஆகிவிடும். கால்கள் தாமாக இறுகும், முதுகில் சட்டை ஒட்டும், அதற்குப் பிறகுதான் பாட்டு நினைவுக்கு வரும். மற்றவர்களுக்குத் தயாபரன் என்றால் குரல். எனக்கு அவர் முதலில் றப்பர் மணம். இதைச் சொன்னால் அவருடைய இரசிகர்கள் கோபிப்பார்கள் என்று இவ்வளவு காலமும் சொல்லாமல் இருந்தேன்.

தயாபரனை இதை வாசிக்கிறவர்களில் பலருக்குத் தெரிந்திராது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் பக்கத்துக் கோயில்களில் பாடியவர், ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டே வருடம் சங்கீதம் படிப்பித்தவர், வானொலியில் ஒருதடவைகூடப் பாடக் கிடைக்காதவர். எங்களுக்கு மூன்றாம் ஒழுங்கையில் அவர் வீடு. தாய் பூரணம் மாமி எங்களுக்கு உறவுமுறையில் மாமி இல்லை, ஊர்முறையில் மாமி. தகப்பன் இல்லாத வீட்டில் இட்லி அவித்து விற்றுப் பிள்ளையைச் சங்கீதம் படிக்க வைத்தவர். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் தயாபரனின் இருதய வால்வைப் பழுதாக்கி வைத்திருந்தது. கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்தால் அறுபது வயது வரைக்கும் பாடலாம் என்று டொக்டர் சொன்னாராம். அவர் சொன்ன காலத்தைப் பாருங்கள், யுத்த காலம். ஊரைவிட்டு வெளியே போக "பாஸ்" என்ற அனுமதிச்சீட்டு கிடைத்த கிழமை பாதை பூட்டியிருந்தது. பாதை திறந்த கிழமை பாஸ் காலாவதியாகியிருந்தது. இரண்டும் ஒன்றாகச் சரிவந்தபோது படியிறங்கவே அவருக்கு மூச்சு இளைத்தது. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, இருபத்தேழு வயதில், ஒரு காலைப்பொழுதில் போய்விட்டார். சவ ஊர்வலத்துக்கு வந்த அளவு கூட்டம் எந்தக் கோயில் கச்சேரிக்கும் வந்ததில்லை என்று அப்பா எரிச்சலோடு சொன்னது ஞாபகம் இருக்கிறது.

அந்தக் குரல் பதிந்த கசற் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது எங்கள் வீட்டில் இருந்தது. மின்சாரம் இருந்த காலத்தில், கீரிமலையில் முழுகிவிட்டு ஈரத்தலையோடு சைக்கிளில் வந்த தயாபரன் ஒருநாள் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்க இறங்கினார். "ஒண்டு பாடுமன் தம்பி" என்று அப்பா கேட்க, சுருதிப்பெட்டிகூட இல்லாமல், சகானாவை எடுத்து அரை மணித்தியாலம் ஆலாபனை செய்தார். அப்பா அவருக்குத் தெரியாமல் ரேப் றெக்கோடரின் சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டார். அப்பா வாழ்க்கையில் செய்த ஒரேயொரு களவு அதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு மின்சாரம் போனது. எங்கள் வளவில் நின்று பார்த்தால் சுன்னாகத்து மின்சார நிலையத்தின் புகைபோக்கி தெரியும். பார்த்துக்கொண்டே ஜாம் போத்தல் விளக்குக்குத் திரி திரிப்போம். பற்றறி தடை, மண்ணெண்ணெய் தங்க விலை, பாதை பூட்டு. எந்தப் பக்கம் நடந்தாலும் ஒன்றில் கடல், இல்லாவிட்டால் காவலரண். அந்த நாட்களில்தான் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லை நிலத்தில் படாமல் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்கும் வித்தையை ஊர் முழுவதும் கற்றுக்கொண்டது. தயாபரன் செத்த பிறகு ஞாயிறுதோறும் எங்கள் விறாந்தைக்கு அவருடைய இரசிகர்கள் ஏழெட்டுப்பேர் வரத் தொடங்கினார்கள். பூரணம் மாமியும் வருவார். தூணோரம் பாய் போட்டு இருந்து கேட்டுவிட்டுப் போவார்.

இங்கேதான் நான் வருகிறேன். டைனமோவில் ஓடும் கசற்றுக்கு ஒரு குணம் உண்டு: மிதிக்கும் வேகம் கூடினால் பாடுகிறவரின் குரல் கீச்சிடும், குறைந்தால் எருமை கத்துவதாகிவிடும். வந்தவர்கள் எல்லாரும் நல்ல இரசிகர்கள், அதனால்தான் கேடு. நல்ல இடம் வந்தால் "ஆகா" என்று தலையாட்டிக்கொண்டு இரண்டு மிதி கூட மிதித்துவிடுவார்கள். சகானா வேறேதோ இராகமாகிவிடும். நாலைந்து பேரை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு மயில்வாகனம் மாஸ்டர், அவர்தான் இரசிகர்களில் பெரியவர், என்னைக் காட்டினார். "வதனியை ஏத்துங்கோ. சங்கீதம் விளங்காத கால்தான் இதுக்குச் சரி."

எனக்குப் பன்னிரண்டு வயது, சங்கீதம் உண்மையிலேயே விளங்காது. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ஒரு எண்ணுக்கு ஒரு மிதியாக அச்சொட்டாக மிதிப்பேன். ஒழுங்கையில் பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடும் சத்தம் கேட்கும். நான் வேர்க்க வேர்க்க மிதித்து, எத்தனையோ மைல் போய், எங்கள் விறாந்தையிலேயே நிற்பேன். செத்தவர்மேல் ஒரு பிள்ளைக்கு வரக்கூடாத அளவு வெறுப்பு எனக்கு வந்தது. இனி ஆயுளுக்கும் எந்த ஞாயிறும் எனக்கு இல்லை என்றே நினைத்தேன்.

தொண்ணூற்றிமூன்றில் பூரணம் மாமிக்குப் பாஸ் கிடைத்தது. கனடாவிலிருந்த மகள் கூப்பிட்டிருந்தாள். கிளாலிக் கடலால் படகில் தாண்டிப் போகவேண்டும், அடுத்தநாள் விடியப் பயணம். முதல்நாள் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருக்காமல் நின்றபடியே அப்பாவிடம் கேட்டார். "தம்பி, என்ரை பிள்ளையின்ரை குரலை என்னோடை விட்டுவிடுங்கோ." அப்பா, "அது உங்கடை தானே அக்கா. ஒரு கொப்பி மட்டும் எடுத்துப்போட்டுத் தாறன்" என்றார்.

கொப்பி எடுப்பது அப்போது இலேசான காரியமாக இருக்கவில்லை. மயில்வாகனம் மாஸ்டர் தன்னுடைய ரேப் றெக்கோடரையும், அரிசிப் பானைக்குள் காலம் காலமாக ஒளித்து வைத்திருந்த நாலு பற்றறிகளையும் கொண்டு வந்தார். எங்கள் பெட்டி டைனமோவில் பாடும். அவருடைய பெட்டி பற்றறியில் பதியும். இரண்டுக்கும் நடுவே ஒரு வயர். "பற்றறி அரை மணித்தியாலம் தாங்கினால் பெரிய காரியம். ஒருக்காத்தான் எடுக்கலாம். இடையிலை நிண்டால் எல்லாம் போச்சு" என்று மாஸ்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் ஏறி உட்கார்ந்து, பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினேன்.

பதினொரு நிமிடம் போயிருக்கும், வடக்கே குண்டு போடும் "பொம்மர்" விமானத்தின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு யாரும் யோசிப்பதில்லை, கால்கள்தான் முதலில் ஓடும். குசினிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் எங்கள் "பங்கர்" என்ற பதுங்குகுழி; அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினா, மற்றவர்கள் மாமியை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். "பிள்ளை, இறங்கி வா" என்று அப்பா கத்தியது கேட்டது. நான் பின்னால் வருகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் இறங்கவில்லை. வீரமெல்லாம் இல்லை, நிறுத்தினால் எல்லாம் போச்சு என்று ஒரு பெரியவர் சொல்லியிருந்தார், எனக்கு அது மட்டும்தான் தலைக்குள் நின்றது.

தலைக்கு மேலே அது குத்தி இறங்கும் இரைச்சல் வந்தபோது எனக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு மறந்துவிட்டது. தொடைகள் இரண்டும் மரத்துப்போயின. மிதி கனத்தது. பெட்டிக்குள் தயாபரனின் குரல் மெல்ல மெல்லக் கீழே போனது. போய், போய், ஒரு கிழவன் கிணற்றுக்குள் இருந்து முனகுவதாக ஆனது. கிழக்கே எங்கேயோ இரண்டு குண்டு விழுந்து ஓடு அதிர்ந்தது. அந்தக் குரல் நின்றுவிடப் போகிறது என்று நினைத்தேன், அது நிற்கக்கூடாது என்றும் நினைத்தேன். அந்தக் கணத்தில் விறாந்தையில் நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம், அன்றுதான் முதல்தடவையாக அவர் பாடியது எனக்குக் கேட்டது. அழுதுகொண்டே முழுப்பலத்தையும் போட்டு மிதித்தேன். குரல் கீழே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பழைய இடத்துக்கு வந்தது.

பிறகு அம்மா ஓடிவந்து என் கன்னத்தில் அறைந்தா, அறைந்துவிட்டுக் கட்டிப்பிடித்தா. அப்போதும் நான் மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். கசற் முடிந்ததும் மாஸ்டரின் பற்றறியும் முடிந்தது. மாமி அசலை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, இடுப்பில் சொருகிக்கொண்டு அடுத்தநாள் விடியப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு கொப்பியைப் போட்டுக் கேட்டோம். பன்னிரண்டாம் நிமிடத்தில் குரல் இறங்கத் தொடங்கியதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "உது அவன் இல்லை. உது இவளின்ரை கால்" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குச் சுட்டது. மூன்று மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து பூரணம் மாமியின் கடிதம் கைமாறிக் கைமாறி வந்தது. படகுக்குள் கடல் தண்ணீர் ஏறிவிட்டதாம், கசற் உப்பில் ஊறிப் பழுதாகிவிட்டதாம். "உங்களிட்டை இருக்கிறதைக் கவனமாய் வையுங்கோ. இனி அதுதான் அவன்" என்று எழுதியிருந்தார். அப்பா அதை வாசித்துவிட்டு என்னிடம் தந்தார். அதன்பின் என்னை யாரும் மிதிக்கக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் திரும்பக் கிடைத்தன, கிளித்தட்டுக்குப் போகத்தான் மனம் வரவில்லை.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்தபோது அப்பா காணி உறுதியையும் அந்தக் கசற்றையும் ஒரே பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். பிறகு அது யார் யார் கையிலோ பிரதியாகி, கடல் கடந்து, இப்போது இணையத்தில் கிடக்கிறது. தயாபரன் பாடியபோது பிறந்தேயிராத பிள்ளைகள் அவருக்காக உருகி எழுதுகிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் பிடித்தது எந்த இடம் தெரியுமா? பன்னிரண்டாம் நிமிடம். சகானாவின் அடி ஆழத்துக்கே போய்த் தன் மரணத்தைத் தொட்டுவிட்டு மீண்டு வருகிறாராம். இலண்டனில் ஒருவர் அந்த இறக்கத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசியிருக்கிறார், நானும் இருந்து கேட்டேன். ஒரு பிள்ளையின் கால் நடுங்கியதை ஒரு மேதையின் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். இல்லை என்று சொன்னால் அவர்களுடைய தயாபரனில் பாதியை நான் பறித்துவிடுவேன், சொல்லாவிட்டால் அவருக்குத் துரோகம் செய்தவளாகிவிடுவேன். முப்பது வருடமாக நான் அந்தச் சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை என்று சில நாட்களில் தோன்றும்.

அப்பாவும் மாஸ்டரும் இப்போது இல்லை. அந்த விறாந்தையை இடித்து, மாபிள் பதித்து, சுவருக்குச் சுவர் மின்சாரப் பிளக் வைத்திருக்கிறார்கள். என் மாணவர்களிடம் டைனமோ என்றால் பாடப்புத்தகத்துப் படத்தைக் காட்டுகிறார்கள். போன வருடம் யாழ்ப்பாணத்தில் தயாபரன் நினைவுக் கச்சேரி வைத்தார்கள். கனடாவிலிருந்து பூரணம் மாமியும் வந்து முன்வரிசையில் இருந்தார், எண்பத்தைந்து தாண்டிவிட்டது. ஒரு இளம்பெண் சகானா பாடினாள். நடுவில் குரலைத் தளரவிட்டு, கீழே கீழே இறங்கி, ஒரு முனகலில் நிறுத்தி, பிறகு மெல்ல ஏறினாள். என் பயத்தை அப்படியே பாடம் பண்ணியிருந்தாள். சபை கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டியது. வரிசைக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்த எனக்கு எழுந்து போகவும் வழியில்லை.

முடிந்ததும் மாமியின் காலடியில் போய் இருந்தேன். "மாமி, அந்த இறங்கிற இடம் தயாபரன் அண்ணை இல்லை. அது நான்" என்றேன். சொல்லி முடிக்க முதலே அழுகை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியும் மோனை. பங்கருக்குள்ளை எண்ணிப் பாத்தம், நீ இல்லை. கொம்மா வெளியிலை பாய, நாங்கள்தான் பிடிச்சு வைச்சிருந்தனாங்கள். எனக்கு அவன்ரை பாட்டுக் கேக்கேல்லை, உன்ரை சில்லுச் சத்தம்தான் கேட்டது. அது நிக்கப் பாத்துது." மாமி என் கையைத் தேடிப் பிடித்தார். "உதிலை எல்லாரும் ஏதோ கேட்டு உருகினம். எப்ப கேட்டாலும் அந்தக் குரல் திரும்ப மேலை ஏறுமட்டும் நான் மூச்சு விடுறேல்லை. ஏறினால்தான் பிள்ளை உசிரோடை இருக்கு. இண்டைக்கும் அப்பிடித்தான் இருந்தனான்."