பத்து ஓட்டைப் பெயர்

ஹலினா மஸூர் டெட்ராய்டில் ஒரு கார் கம்பெனியின் பெயர்ப் பிரிவில் எட்டு வருடமாக டைப்பிஸ்ட். புது மாடலுக்கு வைக்க விளம்பரக்காரர்கள் பெயர்களை மூட்டை மூட்டையாக அனுப்புவார்கள்: பறவைகள், காற்றுகள், சூதாட்ட நகரங்கள், ஸ்பெயின் நாட்டுப் பிரபுக்கள். அவற்றை அகரவரிசையில் அடித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சொந்தமாக ஒரு பெயரைச் சேர்த்ததற்காக முந்தின வருடம்தான் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவள் கணவன் லுட்விக் அதே கம்பெனியின் ஆலையில், காரின் பக்கவாட்டுத் தகட்டில் துளை போடுகிறவன். பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் பொருத்த இரண்டு துளை வேண்டும்.

"பன்னெண்டு எழுத்துல பேரு வச்சவன் கையில ஒரு நாள் அந்த மெஷினைக் குடுக்கணும்டி," என்பான், பிரோகிக் கொழுக்கட்டையை வெங்காயத்தில் புரட்டிக்கொண்டே. "காருக்குப் பேரு கேட்டா கல்லறைக்கு எழுதற மாதிரி எழுதறானுங்க."

1957 மார்ச்சில் அறுநூறு பெயர்கள் வந்தன. ஹலினா தானாக ஒன்றை நடுவில் நுழைத்துவிட்டாள்: டாவஸ். கோடையில் இருவரும் மீன் பிடிக்கப் போகும் ஏரிக்கரை ஊர். ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. அறுநூறில் யார் கண்ணில் படப்போகிறது?

பட்டது. வெள்ளிக்கிழமை, களிமண்ணால் செய்த மாதிரிக் காரில், மேலிடம் பொறுக்கிய மூன்று பெயர்களைக் காகிதத்தில் வெட்டி மாற்றி மாற்றி ஒட்டி, நாற்பதடி தள்ளி நின்று பார்த்தார்கள். மூன்றில் ஒன்று டாவஸ், இன்னொன்று பன்னிரண்டு எழுத்துக் கான்க்விஸ்டடோர்.

"இது எங்க பட்டியல்லயே இல்லையே!" என்றான் விளம்பரக்காரன்.

பிரிவுத் தலைவர் ஹால்டேன் திரும்பினார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஹலினா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நான்தான் சார் சேர்த்தேன். என் வீட்டுக்காரர் ஓட்டை போடுறவர். இதுக்குப் பத்தே ஓட்டை."

"அப்போ கான்க்விஸ்டடோர்?"

"இருபத்திநாலு சார்."

ஆலை மேற்பார்வையாளர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தம்மா சொல்றது சரிதாங்க. ஓட்டை கூடினா துருவும் கூடும். மூணு வருஷமா கத்துறோம், யாரு கேக்குறீங்க?"

ஹால்டேன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இனிமே பட்டியல் அடிக்கும்போது ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல எத்தனை ஓட்டைன்னும் சேர்த்து அடிங்க," என்றார்.

வேலை தப்பியது. டாவஸ் பெரிய காருக்குக் கிடைக்கவில்லை. மலிவான ஸ்டேஷன் வேகன் காருக்கு வைத்தார்கள். ஹலினாவுக்கு அதுவே போதும்.

லுட்விக்குக்குத்தான் போதவில்லை. "ஏன்டி, நாலு எழுத்துல ஒரு ஊரும் கிடைக்கலையா உனக்கு?"

"கிடைச்சுது. அங்க மீன் கிடைக்காதே!"