கட்டைவிரலில் கேட்ட துடிப்பு

ஆட்காட்டி விரலை எலி கடித்த அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முப்பது வருட லேப் வேலையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம். வசந்தா மேடம் அங்கே பிஎச்டி செய்துகொண்டிருந்தார். ஒரு சுண்டெலியின் இதயத்தை எடுத்து இன்னொன்றின் வயிற்றில் வைத்துத் தைப்பார். அந்த எலியின் சொந்த இதயம் நெஞ்சில் அப்படியே இருக்கும். புதியது வயிற்றில் சும்மா துடிக்கும். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில், தலைமுடியைவிட மெல்லிய நூலால், இரண்டே இரண்டு ரத்தக்குழாய் இணைப்பு. ரத்தத்தை நிறுத்தி வைத்த கிளாம்பை எடுத்ததும் வெளிறிக் கிடந்த இதயம் சிவந்து துடிக்கத் தொடங்கும். இது கைவர அவருக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அதுவரை செத்த எலிகளை அப்புறப்படுத்தியவன் நான்தான்.

தைத்த பிறகு தினமும் ஆட்காட்டி விரலால் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது என் வேலை. பலமாகத் துடித்தால் மதிப்பெண் நான்கு, நின்றுவிட்டால் பூஜ்யம். மருந்து கொடுக்காத எலிகளில், அந்நிய இதயத்தை உடம்பு ஏற்காமல், ஒரு வாரம், பத்து நாளில் நின்றுவிடும். மேடம் சோதித்த மருந்து அதைத் தள்ளிப்போடுமா என்பதுதான் கேள்வி. அவருடைய பெல்லோஷிப் முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

எலி கடித்து விரல் வீங்கியது தெரிந்தால் வேறு ஆளைப் போடுவார்கள். என்னைப்போல் யாருக்குப் பார்க்கத் தெரியும் என்ற திமிர் எனக்கு. கட்டைவிரலால் பார்த்தேன். துடிப்பு மெதுவாக இருந்தது, ஆனால் இருந்தது. இரண்டு, இரண்டு என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். வீக்கம் வடிந்த பிறகும் கட்டைவிரலே பழக்கமாகிவிட்டது. இருபதாம் நாளும் மருந்து கொடுத்த ஆறு எலிகளிலும் துடிப்பு. மேடம் அக்ரஹாரத்துக் கோயிலில் அர்ச்சனை செய்து எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்தார்.

மறுநாள், திசுவைச் சோதிக்க, முதலாவது எலியைத் திறந்தார். உள்ளே இதயம் கறுத்துக் கல்லாகக் கிடந்தது. நின்று பல நாள் ஆகியிருக்கும். அடுத்ததும் அப்படியே. மேடம் கத்தவில்லை.

"எந்த வெரல்ல பாத்தீங்க, பழனிசாமி?"

கட்டைவிரலைக் காட்டினேன். மேசையில் கிடந்த பென்சில் ரப்பரை எடுத்துக் கொடுத்தார்.

"இதப் புடிச்சுப் பாருங்க."

அழுத்திப் பிடித்தேன். ரப்பர் துடித்தது.

அது என் கட்டைவிரலின் நாடி. எலியின் துடிப்பு எவ்வளவு வேகம் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டார். தெரியும், நிமிடத்துக்கு ஐநூறு தடவை. இதயம் தளர்ந்ததால் மெதுவாகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன்.

"வெரலு வீங்கிக் கெடந்துச்சுங்க மேடம். அன்னைக்கே சொல்லியிருக்கோணும்."

"சொல்லியிருந்தா நானே பாத்திருப்பேனே. ஹோக்லி, போனாப் போகட்டும் விடுங்க."

மறுபடி செய்ய நாள் இல்லை. ஆறு எலிகளின் பக்கங்களையும் அவரே சிவப்பு மையால் அடித்தார். காரணம் என்ற இடத்தில் 'அளவீட்டுப் பிழை' என்று மட்டும் எழுதினார். என் பெயரை எழுதவில்லை. பட்டம் வாங்காமலே போனார். விஜயநகரில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். கை சரியில்லை என்றால் அன்றே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டது இன்னும் என்னை விடவில்லை. இதை எழுதும்போது பேனாவை அழுத்திப் பிடித்திருக்கிறேன். அதுவும் துடிக்கிறது.