மடிசாரில் குஸ்தி

மைசூரில் எங்கள் வீடு இருந்த பகுதியிலிருந்து நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு குக்கரஹள்ளி ஏரிக்கரை வழியாகத்தான் போகவேண்டும். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. புடவை கட்டிக்கொண்டு சைக்கிளில் போகும் டீச்சர் என்றால் ஊரில் என்னோடு இன்னும் ஓரிருவர் இருந்திருக்கலாம். ஏரிக்கரையில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான். என்னைப் பார்த்ததும் ஏதாவது சொல்வான். நான் வேகமாக மிதித்துப் போய்விடுவேன்.

ஒரு நாள் காலை அவன் எழுந்து வந்து ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினான். "என்ன அவசரம், கொஞ்சம் நடந்துதான் போயேன்" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தான். நான் இழுத்தேன். கை வரவில்லை. மறுபடியும் இழுத்தேன், அப்போதும் வரவில்லை. எதிரே ஒரு மாட்டுவண்டி வந்ததால் அவனே விட்டுவிட்டுப் போனான்.

பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. என் கை அது. அதை எடுத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

சாயங்காலம் அண்ணாவிடமும் மன்னியிடமும் சொன்னேன். அண்ணா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. ஆனாலும் விடியற்காலையில் குஸ்தி பழகப் போய்விட்டுத்தான் ஆபீசுக்குப் போவான். மைசூரில் குஸ்தி பழகும் இடத்துக்கு கரடி மனை என்று பெயர். மதராஸிலிருந்து வரும் உறவுக்காரர்கள் அண்ணா தினம் கரடி மனைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு, எத்தனை கரடி வளர்க்கிறார்கள் என்று விசாரிப்பார்கள்.

"அவன் யாருன்னு காட்டு, நான் பார்த்துக்கறேன்" என்றான் அண்ணா.

"தினமும் என் சைக்கிள் கேரியர்ல உட்கார்ந்துண்டு வருவியா?"

மன்னி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. "நான் சண்டை போடக் கத்துக்கணும்" என்றேன்.

அண்ணா என்னைக் கேலி செய்வான் என்று நினைத்தேன். மாறாக, நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்கு இந்த விஷயத்தில் பேச வீட்டில் அதுவரை ஆள் கிடைத்ததில்லை. "எந்தச் சண்டை? அதை முதல்ல சொல்லு. எல்லாம் ஒண்ணு இல்லை. ஒவ்வொண்ணுக்கும் உடம்பு வேற, புத்தி வேற. பார்த்துட்டு முடிவு பண்ணு."

தசரா நெருங்கிக்கொண்டிருந்தது. எதைப் பார்க்கவேண்டுமானாலும் மைசூரில் அதைவிட நல்ல சமயம் கிடையாது. அண்ணா, மன்னி, நான் மூன்று பேரும் கிளம்பினோம்.

முதலில் குத்துச்சண்டை. அண்ணாவின் சிநேகிதன் ஒருவன் காலேஜில் அதைப் பழகிக்கொண்டிருந்தான். கயிறு கட்டிய மேடையில் இரண்டு பேர் துள்ளித் துள்ளி ஒருவரையொருவர் சுற்றி வந்தார்கள். அவர்கள் காலைப் பார்க்கப் பார்க்க என் காலும் தானாக அசைந்தது. ஆட்டம் முடிந்ததும் அந்தச் சிநேகிதன் தன் கையுறையை எனக்கு மாட்டிவிட்டான். தொங்கவிட்டிருந்த மணல்மூட்டையை ஒரு குத்து விட்டேன். மூட்டை அசையவில்லை, தோள் வரைக்கும் வலித்தது. வலியையும் மீறி ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்து சிலம்பம். கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்து பட்டு நெய்யும் ஆலையில் வேலை செய்த தமிழ்க்காரர்கள் ஊர்வலத்தின் முன்னால் கம்பு சுற்றினார்கள். கம்பு கண்ணுக்கே தெரியவில்லை, காற்றில் சத்தம் மட்டும் கேட்டது. மன்னி என் கையைக் கிள்ளி, "இதுதான்டி, இதுதான்" என்றாள். ஊர்வலம் திரும்பும் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடினோம்.

விஜயதசமியன்று அரண்மனை முற்றத்தில், ஜெட்டிகள் என்ற பரம்பரை மல்லர்களின் வஜ்ரமுஷ்டிச் சண்டை. தலையை மழித்த இருவர் விரல்களில் கொம்பாலான ஆயுதம் மாட்டிக்கொண்டு மோதுவார்கள். நாங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் ஒருவர் தலையிலிருந்து ரத்தம் வந்துவிட்டது, ஆட்டமும் முடிந்துவிட்டது. "இது நமக்கு வேண்டாம்" என்றாள் மன்னி. அதில் எங்கள் மூவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

குஸ்தியை அண்ணா கடைசியாகத்தான் காட்டினான். கரடி மனைக்குள் பெண்கள் கால் வைக்கக் கூடாது. அதனால் தசரா குஸ்திப் பந்தயத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு பெரிய பயில்வான் எதிராளியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். எதிராளி என்னைப்போல் பின்னால் இழுக்கவில்லை. கையை மட்டும் சின்னதாகத் திருப்பினார், பிடி விட்டுப்போயிற்று. அதோடு நிற்காமல் முன்னால் நுழைந்து, இடுப்பைக் கொடுத்து, சலவைக்காரர் கல்லில் துணி அடிப்பதுபோல் அவரைத் தோளுக்கு மேலாகக் கொண்டுவந்து மண்ணில் போட்டார். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. நான் மட்டும் உட்கார்ந்தபடி என் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாப்பிடும்போது விவாதம். மன்னி சிலம்பம் என்றாள். அண்ணா, அவன் பயில்வானாக இருந்துகொண்டு, குத்துச்சண்டை என்றான். "குஸ்தி உனக்கு யார் சொல்லித் தருவா? உள்ளேயே விடமாட்டா."

"குத்துச்சண்டைக்கு எதிராளி தள்ளி நிக்கணும்" என்றேன். "ஏரிக்கரைல இருக்கிறவன் தள்ளி நிக்கலை. கம்பைச் சைக்கிள்ல கட்டிண்டு போகலாம், அவிழ்க்கிற வரைக்கும் அவன் காத்திருக்கமாட்டான். அவன் செஞ்சது பிடிச்சது. பிடிச்சப்புறம் என்ன செய்யறதுன்னு குஸ்திலதான் இருக்கு."

அண்ணா சாதத்தில் மோரை ஊற்றிக்கொண்டு யோசித்தான். பிறகு மன்னியைப் பார்த்தான். "நீயும் சேர்ந்துக்கோ. நான் உனக்குக் காட்டறேன், நீ அவளுக்குக் காட்டு."

கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே அண்ணா மண்ணைக் கொத்தினான். செம்மண்ணில் எண்ணெய், மஞ்சள், வேப்பிலைப் பொடி, மோர் எல்லாம் கலந்து பிசைந்தான். அந்த வாசனையில் எங்கள் பசுமாடு நாள் முழுக்கத் தலையைத் தூக்கி மோந்துகொண்டே இருந்தது.

முதல் நாள் நான் ஆறு கஜப் புடவையோடு இறங்கினேன். மன்னி என்னைத் தொடுவதற்கு முன்பே கொசுவத்தில் கால் சிக்கி விழுந்தேன். மன்னி தன் ஒன்பது கஜ மடிசாரில், கச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, பயில்வானைப் போலவே நின்றாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. குஸ்திக்கு இதைவிட நல்ல உடுப்பு ஏது? அம்மாவின் பழைய ஒன்பது கஜத்தை மன்னி எனக்குக் கட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்து அம்மா கொல்லைப்பக்கம் வந்தாள்.

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு மடிசாரா?" என்றாள். இரண்டு பெண்கள் மண்ணில் புரள்வதைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

"அதுக்காகக் கட்டலைம்மா, சண்டைக்கு" என்றேன்.

அம்மா கொல்லைக் கதவைப் பார்த்தாள். "அதைத் தாழ்ப்பாள் போட்டுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மன்னிக்கு தினமும் கிணற்றில் நீர் இறைத்து உரம் ஏறிய உடம்பு. என்னைத் தூக்கிப் போடுவது அவளுக்கு ஒரு குடத்தை இறக்கி வைப்பதுபோல. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விழுவேன், எழுவேன், மறுபடி விழுவேன். காதுக்குள் மண், முடிக்குள் மண். அண்ணா கிணற்றுமேடையில் உட்கார்ந்து, "கட்டைவிரல் பக்கம் திருப்பு. பிடியில பலமில்லாத இடம் அதுதான்" என்பான். ஒரு சாயங்காலம் திருப்பினேன், மன்னியின் பிடி விட்டது. பின்னால் போகாமல் முன்னால் நுழைந்தேன். மன்னியின் முழு எடையும் ஒரு கணம் என் இடுப்பில் ஏறி, அப்புறம் காணாமல் போயிற்று. பார்த்தால் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஏரிக்கரை ஆள் மறுபடியும் கையை நீட்டியது சங்கராந்தி முடிந்த சமயம். சைக்கிளை மறித்து என்னை இறங்க வைத்து, இந்தத் தடவை சிரித்துக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்தான். சைக்கிளுக்காக ஆறு கஜத்தின் கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தது நல்லதாகப் போயிற்று. நான் யோசிக்கக்கூட இல்லை. கை திரும்பியது, கால் உள்ளே போயிற்று. அவன் ரோட்டில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் என் சைக்கிள் கிடந்தது. புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் அரிவாளோடு எழுந்து நின்று பார்த்தார்கள். அவன் வேட்டியைத் தட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான். சைக்கிளை நிமிர்த்தும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று வகுப்பில் கரும்பலகையில் போட்ட கணக்கெல்லாம் தப்பு.

புல் அறுக்கும் பெண்கள் வழியாகச் செய்தி எனக்கு முன்னாலேயே ஊருக்குள் போய்விட்டது. மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கன்னடக்காரர், கண்டிப்பானவர், எங்கள் கொண்டை கலைந்திருந்தால்கூடச் சொல்பவர். வேலை போயிற்று என்றே நினைத்தேன். நான் உள்ளே போனதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நிஜமா?" என்று கேட்டார்.

"நிஜம்தான் மேடம்."

மேஜையைச் சுற்றி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல பிடி. "எங்கே, எடுத்துக்கொள்ளுங்கள் பார்க்கலாம்."

கட்டைவிரல் பக்கம் திருப்பினேன். கை வெளியே வந்துவிட்டது. அவர் தன் வெறும் கையை ஒரு தடவை பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "இப்போது நீங்கள் என்னைப் பிடியுங்கள்" என்றார்.

மணி அடித்தும் நாங்கள் வெளியே வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை முதல் பெரிய வகுப்புப் பெண்களின் டிரில் பீரியட் என்னிடம் வந்தது. முதல் நாளே மைதானம் முழுக்கப் பெண்கள் ஜோடி ஜோடியாக நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள், விடுவித்துக்கொண்டார்கள், கூச்சலும் சிரிப்புமாக மறுபடி பிடித்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வராந்தாவில் நின்று பார்த்தார். சத்தம் போடாதே என்று ஒருத்தியைக்கூட அவர் அதட்டவில்லை.